துணி விலக்கும் சட்டம்

பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போன அந்த ஐப்பசியில் எங்கள் பனஞ்சாலைத் தெருவுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால், தெரு முழுக்க ஒரே பதிலைத்தான் சொல்லும். செத்தவர்கள் மேல் போர்த்திய துணியை இனி எவனும் வந்து விலக்க மாட்டான். ரோடு அப்படியே இருந்தது, சாக்கடை அப்படியே நாறியது. ஆனாலும் இது ஒன்று போதும் என்று நாங்கள் குளிர்ந்து போயிருந்தோம். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்தச் சட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் வட்டத்தில் சாவு விழுந்தால், சொந்தபந்தத்துக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் டாக்டருக்கு ஆள் அனுப்ப வேண்டும். அவர் வந்து துணியை விலக்கி, கண்ணையும் வயிற்றையும் விரல் நுனியையும் பார்ப்பார். கடைசியாக என்ன சாப்பிட்டார், எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தார் என்று கேட்பார். பிறகு சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் பாடை கிளம்பும். அவர் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தால் பிணம் காத்திருக்கும். அழுகிறவர்களும் அழுகையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பலராமனின் மகள் லட்சுமி காய்ச்சலில் போனபோது வந்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். அவர் குனியக்கூட இல்லை. கைத்தடி நுனியால் துணியைத் தூக்கினார். வயசுக்கு வந்த பெண். தெருவிலிருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். அவள் அம்மா செல்வாம்பாள் பாய்ந்து போய்த் துணியை இழுத்துப் போர்த்தியதும், அந்த ஆள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்ததும் எங்கள் எல்லோர் கண்ணிலும் அப்படியே நிற்கிறது. அன்றைக்கு அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றவர் அலெக்சாண்டர், அப்போது சின்ன டாக்டர். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதைத் தவிர அவர் ஒன்றும் செய்யவில்லை.

பலராமன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். விடுதலைக்குக் கொடி பிடித்து, சொல்தா என்ற பிரெஞ்சுச் சிப்பாய்களிடம் அடி வாங்கி, இடது தோள் இறங்கிப் போனவர். இந்தியா வந்ததும் எங்கள் வட்டத்துச் சுகாதாரக் கமிட்டிக்கு அவரைத் தலைவராக்கினார்கள். பஞ்சர் ஒட்டுகிறவருக்குச் சுகாதாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அந்தச் சட்டத்தை ஒழிக்க அவரைவிட உரிமையுள்ள ஆள் யாரும் கிடையாது. பதவிக்கு வந்த முதல் கூட்டத்திலேயே அதை ஒழித்தார். வீட்டுக்கு வந்து செல்வாம்பாளிடம் சொன்னபோது, அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாளாம். லட்சுமி செத்த பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான் என்று பலராமனே என்னிடம் சொன்னார்.

சாவைப் பார்க்கும் பொறுப்பிலிருந்த டாக்டர் அலெக்சாண்டருக்கும் இதில் வருத்தமில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வேண்டாம், திட்டு வாங்க வேண்டாம். இனிமேல் எந்தச் சாவு வீட்டுக்கும் போகக் கூடாது என்று கமிட்டி எழுதிக் கொடுத்த உத்தரவை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அந்தச் சீட்டுக்கு இன்னொரு வேலை இருந்தது. டாக்டர் சீட்டில் வாந்திபேதி என்று எழுதினால், அன்று சாயங்காலமே கமிட்டிக் கிடங்கிலிருந்து பிளீச்சிங் பொடி டின் தள்ளுவண்டியில் தெருவுக்கு வரும். கிணற்றில் கொட்டிவிட்டு, ராட்டினத்திலிருந்து கயிற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு நாளைக்கு நாங்கள் பெரிய வாய்க்கால் பக்கத்துக் குழாயில் போய்த் தண்ணீர் பிடிப்போம், திட்டிக்கொண்டே. சீட்டு இல்லாமல் கிடங்கைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை யாரும் ஒழிக்கவில்லை. சாவைப் பார்க்க ஆள் இல்லை என்றால் சீட்டு ஏது? ஒரு சட்டத்தின் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபாதியைப் பூட்டி வைத்துக்கொண்டோம். ஒருவருக்காவது அது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

மறுவருஷம் ஆனி மாதக் கூட்டத்தில் கிடங்குக்காரன் வடிவேல் எழுந்து, வந்த டின் வந்தபடியே இருக்கிறது, ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றான். பலராமனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் வருஷா வருஷம் தீர்ந்து போன பொடி, நம் ஆட்சியில் தேவையே படவில்லை என்று பேசினார். கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மூலையில் உட்கார்ந்திருந்த டாக்டர் அலெக்சாண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார்.

ஆடி முதல் வெள்ளிக்கு வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குப் போன ஜனங்கள் ஊர் திரும்பிய வாரம். எங்கள் தெருவில் மில் வேலைக்குப் போகும் கன்னியப்பனின் அம்மா செத்துப்போனாள். பித்தம் தலைக்கேறிவிட்டது என்றார்கள். வயசானவள்தான். ஆனால் மேளம் வைக்கவில்லை. கன்னியப்பன் அம்மா மேல் உயிரையே வைத்திருந்தவன், தம்பி கல்யாணத்துக்கு இரண்டு செட் மேளம் பிடித்தவன். விடிவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவசரம் என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்தது தெருக்கோடி வீட்டில். நெஞ்சு வலி என்றார்கள். அங்கேயும் மேளம் இல்லை. அதற்கப்புறம் எதிர்ச்சாரியில் ஒரு கைக்குழந்தை போயிற்று, மாந்தம் என்றார்கள். சாவு விழுந்தால் ஊரே அதிரும்படி தப்பு அடிக்கும் தெரு எங்களுடையது. அந்த ஆடியில் அப்படி ஓர் அமைதி. காலையில் கிணற்றடிக்குப் போனால், யாராவது ஒருத்தி பாயை அலசிக்கொண்டிருப்பாள். அந்தத் தண்ணீர் கல்லிடுக்கில் இறங்கி, எங்கே போகக் கூடாதோ அங்கே, கிணற்றுக்குள்ளேயே போயிற்று. என்ன இந்த நேரத்தில் பாய் கழுவுகிறாய் என்று கேட்டால், குழந்தை நனைத்துவிட்டது என்பாள். குழந்தையே இல்லாத வீட்டிலும் பாய் கழுவினார்கள்.

ஏன் மறைத்தார்கள் என்று கேட்பீர்கள். வாந்திபேதி என்று வெளியே தெரிந்தால், மில்லில் அந்த வீட்டு ஆளை உள்ளே விட மாட்டார்கள். பெண் பார்க்க வரும் பேச்சு நின்று போகும். பால்காரன் வாசலைத் தாண்டிப் போவான். டாக்டர் வந்து சொல்லிவிட்டால் பழி டாக்டர் மேல், அந்தப் பாவி மனுஷன் சொல்லிவிட்டான் என்று அழுது தீர்க்கலாம். இப்போது யாரும் கேட்கவில்லை. கேட்காதபோது எவன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வான்? ஆக, ஒவ்வொரு வீடும் இது நமக்கு மட்டும் வந்த சாவு என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது.

ஒரு நாள் சாயங்காலம் டாக்டர் அலெக்சாண்டர் பலராமனின் கடைக்கு வந்தார். நான் அங்கே சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பெரியாஸ்பத்திரிக்கு எங்கள் தெருவிலிருந்து ஆள் தள்ளும் புஷ் வண்டியில் ஒருவனைக் கொண்டு வந்தார்களாம், வழியிலேயே உயிர் போய்விட்டதாம், சொந்தக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்களாம். அவர் ஆஸ்பத்திரி வாசலில் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். வண்டியில் தொங்கிய கையின் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன, அது வாந்திபேதிதான் என்றார். சாவைப் பார்க்கும் சட்டத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள், இந்த மாதம் முடியும்வரைக்குமாவது கொண்டு வாருங்கள் என்றார்.

பலராமனுக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு வெள்ளைக்காரன் போனது இன்னும் பொறுக்கவில்லை என்றார். டாக்டரும் கோபக்காரர். பலராமன் மட்டும் அவரை மற்றவர்கள்போல முசியே என்று மரியாதையாகக் கூப்பிடாதது அவருக்கு நெடுநாள் உறுத்தல். வார்த்தை தடித்தது. பிறகு பலராமனே கொஞ்சம் இறங்கி, துணியை விலக்காமல் கிணற்றுக்கு மட்டும் பொடி போட்டுவிடலாமே, ஒரு சீட்டு எழுதுங்கள் என்று கேட்டார்.

"பாக்காத சாவுக்கு நான் எப்படிச் சீட்டு எழுதுறது? பாக்கக் கூடாதுன்னு உங்க கமிட்டிதான் எனக்கு எழுதிக் குடுத்துருக்குது. நாளைக்கு நீங்களே என்னைப் பொய்ச் சீட்டு எழுதுனவன்னு கூண்டுல ஏத்துவீங்க" என்றார் டாக்டர்.

ஒரு சீட்டு. இரண்டு வரி. அந்த மனுஷன் அன்றைக்குத் தன் ரோஷத்தை விட்டு எழுதியிருக்கலாம். இல்லை, இவர் தலைவர் என்ற உரிமையில் கிடங்கு பூட்டை உடைத்திருக்கலாம். இரண்டு பேரும் நல்லவர்கள். அதற்காகவே எனக்கு அவர்கள் மேல் கோபம் இன்னும் அடங்கவில்லை.

டாக்டர் போன பிறகு பலராமன் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்டார். யாருக்காவது வயிற்றுக் கோளாறா என்று கேட்டார். கன்னியப்பன் வாசலிலேயே மறித்து நின்று, ஒன்றும் இல்லை அண்ணே, எல்லாரும் சுகம் என்றான். கோடி வீட்டிலும் சுகம். குழந்தை போன வீட்டில் மோர் கொடுத்து உபசரித்தார்கள். சுகம் சுகம் என்று கேட்டுக் கேட்டு அவர் முகம் தெளிந்தது. நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டவர், நம்பினார்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் கேட்டதைச் செல்வாம்பாளிடம் சொன்னார். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"நீங்க ஊருக்குத் தலைவரு, என்னா வேணாலும் செய்யுங்க. ஆனா நான் செத்தா என் துணிய ஒருத்தன் விலக்கக் கூடாது. எம் பொண்ணுக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது. லட்சுமி மேல சத்தியம் பண்ணுங்க."

அவர் சிரித்து, நீ எதற்கு இப்போது சாகிறாய் என்றார். அவள் விடவில்லை. கடைசியில் லட்சுமியின் படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு இரண்டு பேரும் அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவளுக்குக் கண்டது. அவருக்கு வரவில்லை, அது ஏன் என்று யாருக்கும் தெரியாது. வெயில் ஏறுவதற்குள் அவள் பாதியாகிப் போனாள். போவதெல்லாம் அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்துப் போயிற்று. பலராமன் புஷ் வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏற மாட்டேன் என்றாள். ஆஸ்பத்திரியில் செத்தால் அங்கே நாலு பேர் பார்ப்பார்கள், நான் இங்கேயே கிடக்கிறேன் என்றாள். தூக்கி வண்டியில் போட்டிருக்க வேண்டும். அவருக்கு அவளிடம் எப்போதுமே ஒரு பயம் கலந்த பிரியம். கெஞ்சினார். கெஞ்சிக்கொண்டிருந்ததிலேயே பொழுது போயிற்று.

டாக்டரைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்பினார். என் சைக்கிளுக்குப் பின்னாலேயே அவரும் தன் சைக்கிளில் வந்தார், சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடாமல், ஒரு பெரிய உப்புத் தண்ணீர் பாட்டிலையும் ரப்பர்க் குழாயையும் கூடையில் வைத்துக்கொண்டு, கைத்தடியை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு. நாங்கள் தெருமுனைக்கு வரும்போதே உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. டாக்டர் அங்கேயே சைக்கிளை நிறுத்திவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சாவு வீட்டுக்குள் அவர் போகக் கூடாது, அந்த உத்தரவு அவர் பையிலேயே இருந்தது.

வீட்டில் காரியங்கள் மளமளவென்று நடந்தன. கன்னியப்பன்தான் முன்னால் நின்றான். எல்லாம் பழகிப்போன கைபோல அத்தனை வேகம். செல்வாம்பாள் மேல் லட்சுமியின் பழைய சேலை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சு வலி என்று கன்னியப்பனே சொல்லிக்கொண்டிருந்தான். மேளம் வேண்டாம் அண்ணே, சட்டுனு முடிச்சுடலாம் என்று பலராமன் காதில் சொன்னான். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க ஆம்பிளைகள் இரண்டு பேரும் பெண்கள் நாலு பேரும் குடங்களைச் சேர்த்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மேளம் வேண்டாம் என்ற அந்த வார்த்தையில்தான் பலராமன் தலையைத் தூக்கினார். கன்னியப்பனை உற்றுப் பார்த்தார். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அவர் வாசலுக்கு வந்து நின்று தெருவைப் பார்த்தார். கோடி வீட்டுக்காரன் நின்றான், குழந்தை போன வீட்டுக்காரன் நின்றான், இன்னும் நாலைந்து பேர், பெரும்பாலும் மழித்த தலையில் மயிர் இன்னும் வளராதவர்கள். அத்தனை மொட்டைத் தலைகளை நாங்கள் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சேர்த்து வைத்துப் பார்த்தது அப்போதுதான்.

தெருமுனையில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். பலராமன் வெறுங்காலோடு அவரிடம் நடந்து போனார்.

"உள்ள வாங்க, டாக்டர். வந்து பாருங்க."

டாக்டர் தயங்கினார். உத்தரவைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பலராமன் கையை நீட்டினார். டாக்டர் அந்த மடித்த காகிதத்தைக் கொடுத்தார். பலராமன் அதைக் கிழித்துச் சாக்கடையில் போட்டார்.

செல்வாம்பாளின் தங்கைக்கு விஷயம் புரிந்ததும் வாசலை மறித்தாள். சத்தியம் பண்ணிக் கொடுத்தீங்களே மாமா, லட்சுமி மேல பண்ணிக் கொடுத்தீங்களே என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவள் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு உள்ளே போனார். டாக்டர் கைத்தடியை வெளியிலேயே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். குனிந்தார், பிறகு மண்டி போட்டே உட்கார்ந்தார்.

டாக்டரைத் தொட விடவில்லை பலராமன். தானே தலைமாட்டில் உட்கார்ந்து, சேலையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். விலக்கும்போது அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. விரல் நுனிகள் நாள் முழுக்கத் துணி துவைத்தவள் விரல்போலச் சுருங்கிக் கிடந்தன. டாக்டர் பார்த்த நேரம் கொஞ்சம்தான். தானாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடிடுங்க என்றார்.

பலராமன் மூடவில்லை. "தெருவுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க. என் பொண்டாட்டிக்கு என்னா வியாதி?"

"வாந்திபேதி" என்றார் டாக்டர், உரக்க.

பலராமன் சேலையை இழுத்து அவள் கழுத்துவரை போர்த்தி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகினார், தூங்கும் குழந்தைக்குச் செய்வதுபோல. பிறகு எழுந்து வந்து எங்களைப் பார்த்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

கன்னியப்பன்தான் முதலில் உடைந்தான். "எங்கம்மாவுக்கும் அதான் அண்ணே. மில்லுல நிறுத்திடுவானுங்கன்னு சொல்லல."

கோடி வீட்டுக்காரன், எங்க அண்ணனுக்கும் அதுதான் என்றான். கைக்குழந்தையின் தகப்பன் தலையை மட்டும் ஆட்டினான். அதற்கப்புறம் அங்கிருந்தும் இங்கிருந்தும் குரல்கள் வந்துகொண்டே இருந்தன. அண்ணி, சித்தப்பா, வேலைக்கு வந்திருந்த பெண், ரெட்டியார்பாளையத்திலிருந்து விருந்தாட வந்த மச்சான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பக்கத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் இத்தனை நாளாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. கடைசியாக, வாசற்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற கமலவேணி, கன்னியப்பன் பெண்டாட்டி, மெல்லச் சொன்னாள்.

"எங்க பெரியவனுக்கு இப்பதான் காலையிலேருந்து ரெண்டு தடவ போயிருக்குது. உள்ள படுக்க வச்சிருக்கேன்."

கன்னியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கே தெரியாது. டாக்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினார், அவர் பின்னால் அவனும் ஓடினான்.

அப்போது கிணற்றடியிலிருந்து ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. செல்வாம்பாளைக் குளிப்பாட்ட முதல் வாளி மேலே வந்துகொண்டிருந்தது. குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. பக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் எதுவும் தெரியாமல் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.

பலராமன் வாசலிலிருந்தே கத்தினார்.

"கயித்த உடு."

இழுத்துக்கொண்டிருந்தவன் புரியாமல் நின்றான். அவர் திரும்பவும் சொன்னார். அவன் விட்டான். வாளி விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கிடங்குப் பூட்டை அன்றைக்கு அவரே கடப்பாரையால் உடைத்தார். வடிவேல் சொன்னது உண்மைதான், வந்த டின் வந்தபடியே இருந்தது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. செல்வாம்பாளைக் குளிப்பாட்டப் பெரிய வாய்க்கால் குழாயிலிருந்து தண்ணீர் வந்து சேர நேரமானது. அதுவரைக்கும் பலராமன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை விலகாமல் ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.